பேரிடர் நிதியும் நம் கடைச் சரக்கும்



ஐப்பசி பிறந்துவிட்டால் தாராசுரத்தில் கடை வைத்திருப்போர் கண் இரண்டு பக்கம் ஓடும். ஒன்று கல்லாப்பெட்டி, தீபாவளி விற்பனை. மற்றொன்று வானம். நாகப்பட்டினம் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள், அரசலாற்றில் தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த நாட்களில் அரிசி விலையைப் போலவே விசாரிக்கப்படும் செய்திகள். 1952, 1977 புயல்களைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2008-இல் நிஷா புயல் டெல்டாவை வெள்ளக்காடாக்கியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, நம் மாவட்டத்தின் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது.

ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் பத்திரிகையில் இத்தனை கோடி கேட்டார்கள், இத்தனை கோடி வந்தது என்று செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு, “இவ்வளவு கோடி ஒதுக்குகிறார்களே, நனைந்துபோன நம் மூட்டைகளுக்கு என்ன கிடைக்கும்?” என்று வணிகர்கள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். அதற்கு நேரான விடையையும், அந்த விடை தெரிந்தபின் நாம் செய்து கொள்ள வேண்டிய ஏற்பாடுகளையும் இக்கட்டுரையில் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், 2005-ஆம் ஆண்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டப்படி தேசிய ஆணையத்துக்குப் பிரதமரும், மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும், மாவட்ட ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியரும் தலைவர்கள். நம்மைப் பொறுத்தவரை தஞ்சாவூர் ஆட்சியர்தான் இதில் முதல் ஆள் என்பதை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

நிதி இரண்டு அடுக்காக இருக்கிறது. முதல் அடுக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. 1990-இல் ஒன்பதாவது நிதிக்குழு ஏற்படுத்திய இயற்கைச் சீற்ற நிவாரண நிதிதான் 2010 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதற்கு 100 ரூபாய் சேர்ந்தால் 75 ரூபாய் மத்திய அரசுடையது, 25 ரூபாய் மாநில அரசுடையது. மத்தியப் பங்கு ஆண்டுக்கு இரண்டு தவணையாக வருகிறது. புயல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் நிதிக்குழு வகுத்தபடி வருகிற பணம் இது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிச் சேமிப்பைப் போல.

2023-24-இல் தமிழ்நாட்டுக்கு மத்தியப் பங்கு இரண்டு தவணையாகத் தலா ரூ.450 கோடி, ஆக ரூ.900 கோடி. மாநிலப் பங்கையும் சேர்த்தால் ரூ.1,200 கோடி. பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 7 கோடியே 21 லட்சம் பேருக்கு அதை வகுத்துப் பாருங்கள். தலைக்கு 166 ரூபாய் சொச்சம்.

இது போதாமல் போனால்தான் இரண்டாவது அடுக்கு, தேசியப் பேரிடர் நிவாரண நிதி. இதற்கு மாநில அரசு மனுக் கொடுக்க வேண்டும். பல அமைச்சகங்களைச் சேர்ந்த மத்தியக் குழு வந்து பார்வையிடும். அதன் அறிக்கை மத்திய உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழுவுக்குப் போகும். அக்குழு ஒப்புக் கொள்ளும் தொகையில், மாநில நிதியில் கையிருப்பாக உள்ளதில் பாதியைக் கழித்துக் கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுவோம். பத்திரிகைகளில் ‘என்.டி.ஆர்.எஃப்.’ என்று வருவது சில இடங்களில் இந்த நிதியைக் குறிக்கும்; சில இடங்களில் அரக்கோணத்திலிருந்து படகும் கயிறுமாக வருகிற தேசியப் பேரிடர் மீட்புப் படையைக் குறிக்கும். எழுத்து ஒன்றுதான், பொருள் வேறு. “என்.டி.ஆர்.எஃப். வந்துவிட்டது” என்றால் பணம் வந்துவிட்டதாகப் பொருளில்லை.

கேட்டதும் கிடைத்ததும்

கஜா புயலுக்குத் தமிழக அரசு கேட்டது சுமார் ரூ.15,000 கோடி. தேசிய நிதியிலிருந்து 2018 டிசம்பரில் ஒப்புதலானது ரூ.1,146.12 கோடி. 2023 டிசம்பரில் சென்னையை மிக்ஜாம் புயலும், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைப் பெருமழையும் தாக்கின. இரண்டுக்கும் சேர்த்து மாநில அரசு கேட்டது ஏறக்குறைய ரூ.37,900 கோடி. 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது புயலுக்கு ரூ.115.49 கோடி, பெருமழைக்கு ரூ.160.61 கோடி, ஆக ரூ.276.10 கோடி.

இதில் அரசியல் பேசுவது நம் நோக்கமன்று. இவ்வளவு வித்தியாசம் வருவதற்கான காரணங்களில் ஒன்றை வணிகர்கள் அறிந்திருக்க வேண்டும். கேட்கிற மனுவில் நடந்த சேதம் முழுவதும், நிரந்தரமாகச் சீரமைக்க ஆகும் செலவும் இருக்கும். கொடுக்கிற தொகையோ மத்திய உள்துறை வெளியிட்டுள்ள இனப் பட்டியலையும் விலைப் பட்டியலையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. பட்டியலில் உள்ள இனத்துக்கு, பட்டியலில் உள்ள தொகை. அவ்வளவுதான். இது உடனடித் துயர் துடைப்பதற்கான உதவியே தவிர, நட்டஈடு அன்று என்று அரசே தெளிவாகச் சொல்லி வருகிறது. இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக் கொண்டால் பல ஏமாற்றங்கள் தவிரும்.

பட்டியலில் யார் யார்?

2022-26 காலத்துக்கான பட்டியலிலிருந்து நம் பகுதிக்கு வேண்டியவற்றை மட்டும் தருகிறோம்.

உயிரிழப்புக்குக் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம். சமவெளிப் பகுதியில் முழுமையாக இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000. குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த கல் வீட்டுக்கு ரூ.6,500, மண் வீட்டுக்கு ரூ.4,000. அழிந்த அல்லது சேதமடைந்த குடிசைக்கு ரூ.8,000. வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, இரண்டு நாளுக்கு மேல் கடுமையாகத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலோ, குடும்பத்துக்குத் துணிமணிக்கு ரூ.2,500, பாத்திரம் பண்டங்களுக்கு ரூ.2,500. கறவை மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000.

பாசன வசதியுள்ள நிலத்தில் பயிர் 33 சதவீதத்துக்கு மேல் பாழானால் எக்டேருக்கு ரூ.17,000. நம் ஊர்க் கணக்கில் மாவுக்குச் சுமார் ரூ.2,300 ஆகிறது.

தாராசுரத்தில் தறி ஓடும் வீடுகள் ஏராளம். கைத்தறி நெசவாளருக்கும் இப்பட்டியலில் இடமுண்டு. சேதமான தறிச் சாமான்களுக்கு ரூ.5,000, பாழான பட்டு, நூல், நெய்த சேலை வகைக்கு ரூ.5,000. உரிய அதிகாரியின் சான்று வேண்டும். நம் கடைக்கு வரும் நெசவாளக் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாமலிருக்கலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டியலுக்கு மேல் கொடுக்க விரும்பினால் மாநில அரசு தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கலாம். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தபோது, எக்டேருக்கு ரூ.20,000 அறிவித்தது அப்படித்தான். மிக்ஜாம் புயலுக்குப் பின் ரேஷன் கடைகள் வழியாகக் குடும்பத்துக்கு ரூ.6,000 ரொக்கமாகக் கொடுத்ததும் மாநில அரசின் முடிவே.

கடைக்கு என்ன?

இப்போது கேள்விக்கு நேரான விடைக்கு வருவோம். அந்தப் பட்டியலில் மளிகைக் கடை இல்லை. நெல் மண்டி இல்லை. காய்கறி அங்காடியில் அழுகிப்போன சரக்கு இல்லை. குடோனில் நனைந்த சர்க்கரை, பருப்பு, உப்பு மூட்டைக்கு ஒரு வரியும் இல்லை. வயலில் நிற்கும் நெல்லுக்கு உதவி உண்டு. அதே நெல் அரிசியாகி நம் கடையில் அட்டி போட்டிருக்கும்போது நனைந்தால் உதவி இல்லை. அழிந்த தறிக்கு உண்டு. அழிந்த தராசுக்கு இல்லை.

வீட்டின் முன்புறத்தையே கடையாக வைத்திருப்பவர்களுக்கு வீட்டுச் சேதம் என்ற கணக்கில் உதவி கிடைக்கலாம். அதுவும் வீட்டுக்குத்தான், சரக்குக்கு அன்று. கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு உயரத்தில் வைத்திருங்கள். சேதத்தைத் துடைத்துக் கழுவும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். கணக்கெடுப்பில் விடுபட்டால் வட்டாட்சியரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். இல்லாத சேதத்தை இருப்பதாகச் சொல்வது கூடவே கூடாது. பொய்யான கோரிக்கைக்குப் பேரிடர் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

2023 டிசம்பருக்குப் பின் சிறு வணிகர்களுக்கு மாநில அரசு அறிவித்தது குறைந்த வட்டியில் கூட்டுறவு வங்கிக் கடன். கடன் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கடன் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். போன சரக்குக்கு ஈடாகாது.

1989-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வணிகர் நல வாரியம் ஒன்று நமக்கென இருக்கிறது. உறுப்பினர் இறந்தால் குடும்ப உதவி, மருத்துவ உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, தீ விபத்து உதவி என்று சில திட்டங்கள் உண்டு. உதவித் தொகை அரசாணைப்படி அவ்வப்போது மாறும். எதுவானாலும் உறுப்பினராக இருப்பவருக்குத்தான் கிடைக்கும். கடை எரிந்த பிறகு போய்ச் சேர முடியாது. வணிகவரி அலுவலகத்தில் விசாரித்து, இன்னும் சேராதவர்கள் இந்த மாதமே சேர வேண்டுகிறோம்.

பற்று வரவிலும் புயல் அடிக்கும்

கடைக்குள் தண்ணீர் வராமலே நட்டம் வரும் வழியும் ஒன்றிருக்கிறது. நம் பகுதியில் மளிகை வியாபாரம் பாதி பேரேட்டில் நடக்கிறது. குறுவையில் வாங்கியதைச் சம்பாவில் தீர்க்கிறேன் என்று சொல்லும் விவசாயியும், அறுவடைக் கூலியை நம்பிக் கடன் வாங்கும் தொழிலாளியும் நம் வாடிக்கைகள். மாவுக்கு ரூ.2,300 அரசு உதவி வந்தால், அதில் உரத்துக்கும் உழவுக்கும் போக மளிகைக் கடைக்கு எவ்வளவு வரும்? நெல் சாய்ந்த ஆண்டில் பாக்கியை நெருக்குவதும் முறையன்று. முழுவதையும் விட்டுவிடவும் நம்மால் முடியாது. கார்த்திகைக்குள் எந்தக் கணக்கு எவ்வளவு வரை போகலாம் என்று முன்னதாகவே ஓர் எல்லை வைத்துக் கொள்வதும், ஒவ்வொரு மாதமும் பாக்கிதாரரிடம் சிட்டையைக் காட்டிக் கையெழுத்து வாங்கி வைப்பதும் இரு தரப்புக்கும் நல்லது.

அரசுக்குச் சரக்குக் கொடுக்கும்போது

பேரிடர் நிதி நியாயமாக நம் கல்லாவுக்கு வரும் வழி ஒன்று உண்டு. முகாம்களில் மக்களைத் தங்க வைத்தால் அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், பிஸ்கட், மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாம் அன்றைக்கே வேண்டும். டெண்டர் விட நேரமில்லை. அதற்காகவே சட்டத்தின் 50-ஆவது பிரிவு, அவசரக் காலத்தில் டெண்டர் இல்லாமல் கொள்முதல் செய்ய மாவட்ட ஆணையம் அனுமதி தரலாம் என்கிறது. பொருள் பயன்பட்டதற்கு உரிய அதிகாரி தரும் சான்றே கணக்குக்குச் செல்லும் ஆவணம்.

ஊர் தத்தளிக்கும்போது கடையைத் திறந்து சரக்கை அள்ளிக் கொடுப்பது நம் மரபு. அதை விட வேண்டாம். தானமாகக் கொடுப்பதைத் தானம் என்று எழுதுங்கள். விலைக்குக் கொடுப்பதானால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். யார் கேட்டார், எந்தப் பதவி, எந்த முகாமுக்கு என்று எழுத்தில் வாங்க வேண்டும். இரவு நேரத்தில் முடியாவிட்டால் கைப்பேசிச் செய்தியாவது வேண்டும். இரண்டாவது, இனம், எடை, விலை போட்டு அன்றைக்கே பில் போட வேண்டும். மூன்றாவது, பெற்றுக் கொண்டவர் கையெழுத்து. இம்மூன்றும் இருந்தால் பணம் தாமதமானாலும் கேட்டு வாங்க ஆதாரம் இருக்கும்.

குடோனையோ, வேனையோ, லாரியையோ அரசு எடுத்துக் கொள்ளவும் 65-ஆவது பிரிவில் அதிகாரம் உண்டு. எழுத்து மூலமான ஆணையால்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஈட்டுத் தொகை தரவேண்டும் என்று 66-ஆவது பிரிவு சொல்கிறது. கட்டடத்துக்கு அப்பகுதி வாடகையையும், அதனால் வியாபார இடத்தை மாற்ற நேர்ந்தால் அந்தச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொகை போதவில்லை என்றால் 30 நாளுக்குள் மனுச் செய்து நடுவர் தீர்ப்புக்கு அனுப்பக் கேட்கலாம். கடைச் சரக்குக்கு இல்லாத நட்டஈடு என்ற உரிமை, அரசு எடுத்துக் கொண்ட குடோனுக்கும் வண்டிக்கும் இருக்கிறது. அதனால் ஆணையின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

சரக்குக்குக் காவல் காப்பீடுதான்

ஆகவே சரக்கை நாம்தான் காத்துக் கொள்ள வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சிறு தொழில், சிறு வணிகத்துக்கென ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான தீக்காப்பீட்டு பாலிசியை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த ஒரே மாதிரி விதிகளுடன் கம்பெனிகள் விற்கின்றன. ஓர் இடத்திலுள்ள கட்டடம், தளவாடம், சரக்கு எல்லாம் சேர்ந்து ரூ.5 கோடிக்கு மிகாதவர்களுக்கு இது. தீ மட்டுமன்றி இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் ஆகியவையும் இதில் அடங்கும். வீட்டுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்று தனியாக உண்டு.

பாலிசி எடுத்தவர்களும் பீரோவைத் திறந்து கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, முகவரி. கடை ஒரு தெருவில், குடோன் வேறு தெருவில் இருந்தால் இரண்டு முகவரியும் பாலிசியில் இருக்க வேண்டும். இல்லாத இடத்துச் சரக்குக்குப் பணம் கேட்பது வீண் வழக்கு.

இரண்டாவது, தொகை. பத்து லட்ச ரூபாய் சரக்கை வைத்துக் கொண்டு, பிரீமியத்தை மிச்சம் பிடிக்க ஆறு லட்சத்துக்கு எடுத்திருப்போம். மூன்று லட்சம் சேதமானால் மூன்று லட்சமும் வரும் என்று எண்ண வேண்டாம். பத்துக்கு ஆறு என்ற விகிதத்தில் ரூ.1,80,000 தான் கணக்காகும். அதிலும் பாலிசியில் குறித்த கழிவு போகும். இந்தப் புதிய பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாக எடுத்திருந்தால் விட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் இல்லை. தீபாவளி, பொங்கலுக்குச் சரக்கு இரண்டு மடங்காகும் காலமும், வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றே என்பதை மறக்கலாகாது. அந்த உச்ச இருப்புக்குத் தகுந்தபடி தொகை வைக்க வேண்டும்.

மூன்றாவது, வங்கிக் கடன். சரக்கின் பேரில் கடன் வாங்கியவர்களுக்கு வங்கியே பாலிசி எடுத்திருக்கும். அதில் என்ன முகவரி, எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் முடிகிறது என்று நகல் கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நான்காவது, திருட்டு. தீயோ வெள்ளமோ நேர்ந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் களவு போனால்தான் இந்த பாலிசியில் வரும். சாதாரணக் கன்னத் திருட்டுக்கும் கல்லா ரொக்கத்துக்கும் தனித்தனி பாலிசி வேண்டும்.

ஐந்தாவது, காலம். கூண்டு ஏற்றிய பிறகு ஓடினால் கம்பெனிகள் ஏற்கத் தயங்கும். புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

சேதம் நேர்ந்தால் அன்றைக்கே கம்பெனிக்குத் தெரிவித்து, தெரிவித்த எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை நனைந்த மூட்டைகளை அப்புறப்படுத்தாமல், நல்ல சரக்கை மட்டும் பிரித்துக் காப்பாற்றி வையுங்கள். தீ என்றால் தீயணைப்பு நிலையச் சான்றும் காவல் நிலைய மனு ரசீதும் வேண்டும்.

கணக்கு நனையக் கூடாது

சர்வேயர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன இருந்தது?” அதற்கு விடை கொள்முதல் பில், விற்பனைக் கணக்கு, இருப்புப் பதிவேடு ஆகியவற்றில் இருக்கிறது. பேரேடு தண்ணீரில் போனால் சரக்கு இரண்டாம் முறை போனதற்குச் சமம். வாரம் ஒரு முறை இருப்பை எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வீட்டாருக்கோ ஆடிட்டருக்கோ அனுப்பி வையுங்கள். கடை முழுவதையும் மாதம் ஒரு முறை படம் எடுத்து வைத்தால் போதும், செலவில்லாத சாட்சி.

இன்னொரு விஷயம் பலர் கவனத்துக்கு வருவதில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவுப்படி, தொலைந்த, களவு போன, அழிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். சோப்பு, பிஸ்கட், பாக்கெட் சாமான் வெள்ளத்தில் போனால் சரக்கும் போய், எடுத்த வரி வரவும் போகிறது. ஆகவே அழிந்த சரக்கை இருப்புக் கணக்கில் தனியாகக் காட்டி, திருப்பிக் கட்டும் வரியையும் காப்பீட்டுக் கோரிக்கையில் சேர்க்க ஆடிட்டரிடம் சொல்லுங்கள். கூட்டு வரித் திட்டத்தில் இருப்பவர்கள் வரவே எடுக்காததால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முன்னேற்பாட்டுப் பணம்

2021-26 காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கு வகுத்தது ரூ.1,60,153 கோடி. அதை 100 ரூபாயாகக் கொண்டால் 40 ரூபாய் உடனடி நிவாரணத்துக்கு, 30 ரூபாய் மறுசீரமைப்புக்கு, 10 ரூபாய் ஆயத்தத்துக்கும் பயிற்சிக்கும், 20 ரூபாய் பேரிடர் வருமுன் அதன் கடுமையைக் குறைக்கும் தணிப்பு நிதிக்கு. தேசியத் தணிப்பு நிதியின் கீழ்தான் சென்னை வடிநிலப் பகுதி வெள்ளத் தடுப்புக்கு ரூ.561.29 கோடித் திட்டம் 2023 டிசம்பரில் ஒப்புதலானது. 2023 ஜூலையில் மாநிலங்களின் தீயணைப்புத் துறையை விரிவாக்க ரூ.5,000 கோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கு வெள்ளம், தீ முதலியவற்றில் உயிர் காக்கும் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்று போலீஸ் நவீனமயத்துக்கு 2021-22 முதல் 2025-26 வரை ரூ.26,275 கோடி ஒதுக்கினார்கள்.

இவையெல்லாம் துறைகளுக்குப் போகும் பணம். நம் கையில் தருபவை அல்ல. ஆனால் எந்த வாய்க்கால் தூர் வாரப்படும், எந்தத் தெருவுக்கு வடிகால் வரும் என்பதில் நம் குரல் சேரலாம். மாவட்டத்துக்கென்று ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் எழுதி வைக்கப்பட வேண்டும், ஆண்டுதோறும் அது திருத்தப்பட வேண்டும் என்பது சட்டத்தின் 31-ஆவது பிரிவு. 2021-இல் கும்பகோணம் மாநகராட்சியானபோது தாராசுரம் பேரூராட்சியும் அதனோடு சேர்ந்துவிட்டதால், அங்காடிப் பகுதியின் வடிகால் குறையை மாநகராட்சிக்கும் ஆட்சியருக்கும் சேர்த்தே எழுத வேண்டும்.

தீயைப் பற்றி இந்த வட்டாரத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அன்று பரவியது சமையற்கூடத்துத் தீயும் கீற்றுக் கூரையும். கடை முன் கீற்றுப் பந்தல், அதன் கீழ் டீ அடுப்பு, பக்கத்தில் மண்ணெண்ணெய் என்றிருந்தால் இன்றே மாற்றுங்கள். தீயணைப்பான் ஒன்று வாங்கி, அதை இயக்கக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். பின்வாசலை மூட்டை போட்டு அடைக்காதீர்கள்.

மழைக்கு: மூட்டைகளைத் தரையில் வைக்காமல் கட்டைகளின் மேல் அட்டி போடுங்கள், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடம் விடுங்கள், உப்பும் சர்க்கரையும் மேல் அடுக்கில் இருக்கட்டும். மின்சார மெயின் சுவிட்சு முழங்கால் உயரத்தில் இருந்தால் மேலே தூக்கி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, அவசர உதவி 112. இம்மூன்றையும் கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டுங்கள். அணை உடைந்தது, கரை போனது என்று வரும் கைப்பேசி வதந்தியைப் பரப்ப வேண்டாம். பொய் எச்சரிக்கைக்கு ஓராண்டு வரை சிறை என்று 54-ஆவது பிரிவு இருக்கிறது.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு ஆண்டும் ஆவணிக்குள் உறுப்பினர் கடை, குடோன், வண்டி, தொலைபேசிப் பட்டியலைத் தயாரித்துக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். எந்தக் கடையில் எந்தச் சரக்கு என்று தெரிந்தால் அவசரக் கொள்முதலில் உள்ளூர் வணிகருக்கு வாய்ப்பு வரும்.

இரண்டு: சிறு கடைக்காரர்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காப்பீட்டு முகாம் நடத்த வேண்டும். தனி ஆளாகப் போனால் படிவம் நிரப்பவே ஒரு நாள் ஆகிறது.

மூன்று: நிவாரணப் பட்டியலில் சிறு வணிகரின் சரக்கையும் ஓர் இனமாகச் சேர்க்கக் கோர வேண்டும். கைத்தறி நெசவாளருக்குக் கருவிக்கும் மூலப்பொருளுக்கும் தலா ரூ.5,000 என்று ஏற்கெனவே வகை செய்திருக்கிறார்கள். தெருவோரக் காய்கறிக் கடைக்கும் பெட்டிக் கடைக்கும் அதே அளவில் ஒரு வரி சேர்ப்பது கஜானாவைக் காலி செய்யாது. நிதிக்குழுக் காலம் மாறும்போது இப்பட்டியலும் திருத்தப்படுகிறது. பதினாறாவது நிதிக்குழுவின் ஐந்தாண்டுக் காலம் 2026 ஏப்ரல் 1-இல் தொடங்குவது. ஊர்ச் சங்கம் முதல் மாநிலப் பேரமைப்புகள் வரை இதை ஒரே குரலாக எழுப்ப வேண்டும்.

அரசு நிதி குடும்பத்தை நாலு நாள் தாங்கும். வயலைத் திரும்ப உழ வைக்கும். சாலையையும் பாலத்தையும் சரி செய்யும். நம் சரக்கைத் தாங்குவது நம் பாலிசியும் நம் பேரேடும்தான். இந்த இதழைப் படித்து முடித்ததும் பாலிசியை எடுத்து முடியும் தேதியைப் பாருங்கள். பாலிசியே இல்லாதவர்கள், மழை தொடங்குமுன் இருப்பை எழுதிக் கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!